ஸ்பானிய அமெரிக்கர்கள் தங்கள் அரசரையே எதிர்த்துப் போரிட நேர்ந்தது எப்படி?

கேள்வி கேட்டவர்: வகுப்பறை ஆசிரியை

மேல்நிலை வகுப்புகளுக்கு உலக வரலாறு நடத்துகிறேன். சென்ற வாரம் தென் அமெரிக்க விடுதலைப் போர்களைப் பற்றிப் பேசியபோது ஒரு மாணவி எழுந்து, "பொலிவாரும் அவருடைய தோழர்களும் நாட்டைப் பிடித்தவர்களின் வாரிசுகள்தானே, அவர்கள் பேசியது ஸ்பானிய மொழி, வணங்கியது ஸ்பானியத் திருச்சபையில், பிறகு யாரிடமிருந்து அவர்களுக்கு விடுதலை வேண்டியிருந்தது?" என்று கேட்டாள். வரிச்சுமை, வணிகத் தடை, பிரெஞ்சுப் புரட்சியின் தாக்கம் என்று பாடநூலில் உள்ளதைச் சொன்னேன். அந்தக் காரணங்கள் எல்லாம் பல ஆண்டுகளாக இருந்தவை; அப்படியிருக்க 1810இல் மட்டும் காரகாஸ், புவெனோஸ் அயர்ஸ், பொகோட்டா, சாந்தியாகோ என ஒன்றுக்கொன்று வெகு தொலைவிலுள்ள நகரங்கள் ஐந்தே மாதங்களுக்குள் அடுத்தடுத்து எழுந்தது ஏன் என்ற கேள்வி எனக்கே எஞ்சி நிற்கிறது. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

உங்கள் மாணவி கேட்டது மிக நல்ல கேள்வி, அம்மா. அந்த நகரங்கள் எழுந்தபோது அவற்றுள் ஒன்றுகூட விடுதலையை அறிவிக்கவில்லை என்பதிலிருந்துதான் இதற்கான விடையைத் தொடங்க வேண்டும்.

முதலில் பழைய மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மண்ணில் பிறந்த வெள்ளையரைக் கிரியோல்கள் என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்கள் உயர்நீதிமன்றப் பதவிகளை விலைக்கு வாங்கி, தங்கள் ஊரைத் தாங்களே ஏறக்குறைய ஆண்டு வந்தார்கள். 1750ஐ ஒட்டி அந்த விற்பனையை நிறுத்திய ஸ்பானிய அரசு, அதன்பின் பெரும்பாலும் ஸ்பெயினில் பிறந்தவர்களையே அனுப்பியது. 1767இல் இயேசு சபையினர் வெளியேற்றப்பட்டபோது, அங்கேயே பிறந்து வளர்ந்த துறவிகள் பலர் கப்பலேற்றி இத்தாலிக்கு அனுப்பப்பட்டார்கள். 1804இன் இறுதியில், திருச்சபை கடனாகக் கொடுத்திருந்த பணத்தையெல்லாம் திரும்ப வசூலித்து அரசுக் கருவூலத்தில் சேர்க்குமாறு ஆணை வந்தது. மெக்சிகோவில் பண்ணையாரும் கடைக்காரரும் திருச்சபையிடம்தான் வட்டிக்கு வாங்கித் தொழில் நடத்தினார்கள். அசலைத் திருப்பிக் கேட்டபோது பலர் நிலத்தை விற்க நேர்ந்தது. ஒரு கோடி பேசோவுக்கு மேல் இப்படி ஐரோப்பியப் போர்ச் செலவுக்குப் போயிற்று.

இத்தனைக்குப் பிறகும் அவர்கள் அரசரை விட்டு விலகவில்லை. அரசர்தான் அவர்களுக்கு இல்லாமற் போனார். 1808ஆம் ஆண்டு மே மாதம், பிரெஞ்சு நகரமான பேயோனில் நான்காம் கார்லோஸையும் அவருடைய மகன் ஏழாம் பெர்னாண்டோவையும் முடி துறக்கச் செய்த நெப்போலியன், தன் அண்ணன் ஜோசப்பை ஸ்பெயினின் அரியணையில் ஏற்றினார். அரசர் சிறைப்பட்டிருக்கும்போது ஆட்சியுரிமை மக்களிடமே திரும்பிவிடுகிறது என்பது பழைய ஸ்பானியச் சட்ட மரபில் வேரூன்றிய கருத்து. அந்தக் கருத்தின்படி ஸ்பெயினின் நகரங்கள் தத்தம் ஆட்சிக்குழுக்களை அமைத்துக்கொண்டன. அதே உரிமை எங்களுக்கும் உண்டுதானே என்று அமெரிக்க நகரங்கள் கேட்டன.

இதற்குக் கிடைத்த பதிலில்தான் எல்லாம் கெட்டது. 1809 சனவரியில் ஸ்பெயினின் மைய ஆட்சிக்குழு, அமெரிக்கப் பகுதிகள் இனிக் குடியேற்றங்கள் அல்ல, முடியாட்சியின் இன்றியமையாத அங்கம் என்று பெருந்தன்மையோடு அறிவித்தது. பிறகு அந்தக் குழுவில் அமரும் பிரதிநிதிகளின் எண்ணிக்கை வந்தது: ஸ்பெயினுக்கு 36, அமெரிக்கா முழுவதற்கும் 9. பொகோட்டா நகர மன்றத்துக்காக அந்த ஆண்டு நவம்பரில் முறையீடு எழுதிய வழக்கறிஞர் காமிலோ தோரஸ் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துத்தான் வாதிட்டார். நாங்களும் ஸ்பெயினின் பண்டைய மன்னர் பெலாயோவின் வழிவந்தவர்களைப் போன்ற ஸ்பானியர்களே, இந்த மண்ணுக்காகக் குருதி சிந்தியவர்களின் பிள்ளைகள், எங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் குறை என்பதே அதன் சாரம். ஒரு விசுவாசமான குடிமகன் தன் அரசிடம் சமத்துவம் கேட்ட மனு அது. அதில் பிரிவினைக்கான அழைப்பு எதுவும் இல்லை.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் பிரெஞ்சுப் படைகள் தென் ஸ்பெயினையும் பிடித்தன. மைய ஆட்சிக்குழு கலைந்தது. அந்தச் செய்தி கப்பல் வழியாக ஒவ்வொரு துறைமுகத்தையும் எட்டிய வரிசையில்தான் ஏப்ரலில் காரகாஸும், மே மாதத்தில் புவெனோஸ் அயர்ஸும், சூலையில் பொகோட்டாவும், செப்டம்பரில் சாந்தியாகோவும் எழுந்தன. ஐந்து மாத வியப்புக்கு விளக்கம் இதுவே.

வெனிசுவேலாவின் தலைநகரான காரகாஸில் நடந்த காட்சியை மட்டும் உங்கள் வகுப்பில் சொல்லுங்கள். 1810 ஏப்ரல் 19, பெரிய வியாழன். பேராலயத்துக்குப் புறப்பட்ட தலைமை ஆளுநர் எம்பரான் நகர மன்றத்துக்குத் திரும்ப அழைக்கப்படுகிறார். மன்றத்தாரின் பிடி இறுகவே, மாடத்துக்கு வந்து, கீழே கூடியிருந்த மக்களிடம் நான் ஆள்வது உங்களுக்கு விருப்பமா என்று கேட்கிறார். அவருக்குப் பின்னால் நின்ற மதரியாகா என்ற குருவானவர், வேண்டாம் என்று சொல்லும்படி மக்களுக்குக் கையசைக்கிறார். கூட்டம் வேண்டாம் என்று முழங்க, அப்படியானால் எனக்கும் இந்தப் பதவி வேண்டாம் என்று ஆளுநர் இறங்கிவிடுகிறார். துப்பாக்கிச் சூடே இல்லாமல் முந்நூறு ஆண்டு ஆட்சி கைமாறியது. ஆயினும் அன்று அமைந்த குழு தன் பெயரிலேயே ஏழாம் பெர்னாண்டோவின் உரிமைகளைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டது. வெனிசுவேலா விடுதலையை அறிவித்தது 1811 சூலை 5இல்தான்.

மறுமொழி: நெய்தல் நிலத்தான்

மேலே எழுதியவர் கூறியதை ஏற்கிறேன். எனினும் இது நகர மன்றங்களில் அமர்ந்திருந்தவர்களின் கதை. பண்ணையில் உழைத்த அடிமையும், திறை கட்டிய பழங்குடியும், கலப்பினத்தவரும் ஏன் போருக்கு வந்தார்கள், எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைச் சொல்லாமல் அந்த மாணவியின் கேள்விக்கு விடை முழுமையாகாது.

பெருவில் கிரியோல்களுக்கு முன்பே எழுந்தவர் டுபாக் அமாரு என்று தம்மை அழைத்துக்கொண்ட கொண்டோர்காங்கி. கோவேறு கழுதைகளைக் கொண்டு சரக்கேற்றிப் பிழைத்த ஊர்த்தலைவர் அவர். மாவட்ட அதிகாரிகள் தேவையில்லாத சரக்குகளையும் அநியாய விலைக்குப் பழங்குடியினர் தலையில் கட்டி, கடனில் ஆழ்த்துவது வழக்கமாக இருந்தது. 1780 நவம்பரில் அப்படிப்பட்ட ஓர் அதிகாரியைப் பிடித்துத் தூக்கிலிட்டு அவர் கிளர்ச்சியைத் தொடங்கினார். 1781 மே 18இல் கூஸ்கோ சதுக்கத்தில் அவரும், படைக்கு உணவும் ஆளும் திரட்டித் தந்த அவருடைய மனைவி மிக்காயேலா பஸ்தீதாஸும் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள். அந்த எழுச்சியைக் கண்டு அஞ்சிய பெருவின் கிரியோல்கள் நாற்பது ஆண்டுகள் அரசரின் நிழலிலேயே ஒதுங்கி நின்றார்கள். தெற்கிலிருந்து சான் மார்ட்டினும் வடக்கிலிருந்து பொலிவாரும் படையோடு வந்துதான் பெருவை மீட்க வேண்டியிருந்தது என்பதற்கு இந்த அச்சம் ஒரு முக்கியக் காரணம் என்றே நான் கருதுகிறேன்.

வெனிசுவேலாவின் முதல் குடியரசு சொத்துள்ளவர்களுக்கே வாக்குரிமை தந்தது. அடிமை முறையை அப்படியே வைத்துக்கொண்டது. புல்வெளிகளில் மாடு மேய்த்தும் பிடித்தும் வாழ்ந்த யானேரோ குதிரை வீரர்களின் பிழைப்பை நில உரிமையாளர்களுக்குச் சாதகமான சட்டங்களால் நெருக்கியது. எனவே அந்த வீரர்கள் போவெஸ் என்ற ஸ்பானியத் தளபதியின் பின்னே அரசர் பக்கம் திரண்டு, முதல் குடியரசு வீழ்ந்தபின் எழுந்த இரண்டாம் குடியரசை 1814இல் அழித்தார்கள். அரசரின் கொடியை அவர்கள் ஏந்தியது எசமானர்களின் மீதிருந்த கோபத்தால்.

பொலிவார் இதிலிருந்து கற்றுக்கொண்டார். தப்பி ஹெயிட்டிக்குப் போன அவருக்கு, தாமே அடிமைத்தளையை அறுத்தெறிந்த அந்தக் கறுப்பினக் குடியரசின் தலைவர் பெத்தியோன் ஆயுதமும் படகும் தந்தார். அதற்குக் கைம்மாறாக அவர் கேட்டது, நீங்கள் விடுவிக்கும் மண்ணில் அடிமைகளையும் விடுவிக்க வேண்டும் என்பது ஒன்றுதான். 1816இல் படையில் சேரும் அடிமைகளுக்குப் பொலிவார் விடுதலை அறிவித்தார். போவெஸின் மறைவுக்குப் பிறகு தலைவனற்று நின்ற யானேரோக்களில் பலரைக் குதிரைப்படைத் தலைவர் பாயெஸ் குடியரசின் பக்கம் திருப்பினார். போரின் போக்கு மாறியது அதற்குப் பிறகுதான். பெத்தியோனுக்குக் கொடுத்த வாக்கு முழுமையாக நிறைவேற வெனிசுவேலாவில் 1854 வரை ஆனது என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

கேள்வி கேட்டவர்: வகுப்பறை ஆசிரியை

இருவருக்கும் நன்றி. 36க்கு 9 என்ற கணக்கை நாளையே கரும்பலகையில் எழுதப் போகிறேன். ஒன்று மட்டும் கேட்க விரும்புகிறேன். அரசரின் பெயரால் தொடங்கியவர்கள் என்றால், 1814இல் அவர் விடுதலையாகி அரியணைக்குத் திரும்பியபோது சமாதானம் ஆகியிருக்கலாமே?

மறுமொழி: ஏட்டுச்சுவடி

ஆகியிருக்கலாம், அம்மா. அந்த வாய்ப்பை மூடியவர் பெர்னாண்டோவே. திரும்பி வந்ததும், அரசரின் அதிகாரத்தை வரையறுத்து ஸ்பெயினின் காடிஸ் நகரில் 1812இல் இயற்றப்பட்ட அரசமைப்பை 1814 மே மாதம் ரத்து செய்தார். அடுத்த ஆண்டு தளபதி மொரியோவின் தலைமையில் பத்தாயிரம் வீரர்களுக்கு மேல் அனுப்பினார். கரீபியன் கடற்கரையிலுள்ள கார்த்தஹேனா நகரம் நூறு நாட்களுக்கு மேல் முற்றுகையிடப்பட்டுப் பட்டினியால் வீழ்ந்தது. 1816இல் பொகோட்டாவில் வரிசையாகச் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில், சமத்துவம் கேட்டு அந்த முறையீட்டை எழுதிய காமிலோ தோரஸும் ஒருவர். மனு எழுதிய வழக்கறிஞருக்கே இந்த முடிவு என்றால், நடுநிலையில் நின்றவர்கள் எதை நம்பி அரசரிடம் திரும்புவார்கள்? மொரியோவின் படை விடுதலையாளர்களைச் சிதறடித்தது உண்மைதான்; ஆனால் தயங்கி நின்ற குடும்பங்களை மூன்றே ஆண்டுகளில் அவர்கள் பக்கம் தள்ளியதும் அதே படைதான்.

1820 சனவரியில், அமெரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த இன்னொரு படையே தளபதி ரியேகோவின் தலைமையில் ஸ்பெயினுக்குள் கிளர்ந்தெழுந்தது; அதன்பின் பெரிய படை எதுவும் கடல் கடக்கவில்லை. 1824 டிசம்பர் 9இல் பெருவின் அயாகுச்சோவில் பொலிவாரின் தளபதி சூக்ரே வென்றபோது எதிரே நின்ற அரசப் படையிலும் பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். இதை ஓர் உள்நாட்டுப் போராகவும் மாணவர்களுக்கு விளக்குங்கள். 1833இல் இறக்கும்வரை பெர்னாண்டோ எந்த நாட்டின் விடுதலையையும் ஏற்கவில்லை. முதலில் மெக்சிகோவை ஸ்பெயின் அங்கீகரித்ததே 1836 டிசம்பரில்தான்.