செக்கு எண்ணெய் இறக்கும் டியூப் விறைத்துப்போனால் எண்ணெய் கெட்டதா?

செக்கடி: நல்லெண்ணெயை டிரம்மிலிருந்து பாட்டிலுக்கு இறக்க, உள்ளே ஓடுவது தெரிகிற பிவிசி டியூப் 1 மீட்டர். ஆறு மாதத்தில் குச்சி மாதிரி விறைத்துவிட்டது. சோப்பு போட்டுக் கழுவினால் போதுமா?

பாலிமர்: கழுவிப் பயனில்லை. பிவிசி இயல்பிலேயே கெட்டியானது. அதை வளைய வைப்பது பிளாஸ்டிசைசர். இந்த மாதிரி டியூப்பில் எடையில் 30 சதவீதம் வரை அதுதான். கடையில் டிஓபி என்பார்கள், டிஇஹெச்பி என்பதும் அதுவே. பிவிசியோடு வேதிப்பிணைப்பு கிடையாது, இடுக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும். தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். விறைப்பு வந்தது என்றால் அது எண்ணெய்க்குள் போயிருக்கிறது.

கணக்குப் பார்த்தால், டியூப் 100 கிராம் என்றால் டிஓபி 30 கிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு, 300 மில்லிகிராம், 100 கிலோ எண்ணெயில் கலந்தால் கிலோவுக்கு 3 மில்லிகிராம்.

ஆய்வகம்: பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அந்த எண்ணெயில் ஒருவர் நாளுக்கு 25 கிராம் சாப்பிட்டால் 75 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வைத்த வரம்பு நாளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 3,000. ஆனால் அது டிஓபி உட்பட நான்கு தாலேட்டுகளுக்கும் (டிஓபி சேர்ந்த பிளாஸ்டிசைசர் குடும்பம்) சேர்த்து. எண்ணெய் மட்டுமே வழியும் அல்ல. வரம்புக்கு அடிப்படை, கருவிலுள்ள ஆண் எலிக்குட்டிகளில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்தது. எனவே கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டுக்குப் போகும் எண்ணெயில் தவிர்ப்பதே சரி. உடலில் இது தேங்குவதில்லை, பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும். தினமும் உள்ளே வருவதுதான் சிக்கல்.

சோதனைக்குக் கொடுப்பதென்றால் டியூப்புக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு மாதிரி, கண்ணாடிப் பாட்டிலில். மூடிக்கு அடியில் அலுமினியத் தாள் வையுங்கள். மூடியின் உள்வளையமே பிவிசியாக இருந்தால் முடிவு கெட்டுவிடும்.

செக்கடி: சிலிக்கோன் டியூப்?

பாலிமர்: உணவுத் தர சிலிக்கோனில் தாலேட் தேவையில்லை. ஆனால் எண்ணெயிலேயே ஊறினால் மெல்ல உப்பும், சிறு துண்டுக்கு மேல் வேண்டாம். எவர்சில்வர் டிரம்மில் அடியில் எவர்சில்வர் குழாய், கீழே புனல்: டியூப்பே தேவைப்படாது. ‘டிஓபி இல்லை’ என்று விற்பதை மட்டும் நம்பாதீர்கள், டிஐஎன்பி என்ற இன்னொரு தாலேட் போட்டிருக்கலாம்; அதுவும் அந்த வரம்புக்குள் வரும் நான்கில் ஒன்று.

ஆய்வகம்: பிவிசிதானா என்று பார்க்க, செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி டியூப்பில் தொட்டு மீண்டும் நெருப்பில் காட்டுங்கள். பச்சைச் சுடர் வந்தால் குளோரின் இருக்கிறது, பிவிசியாக இருக்கலாம். வெளியில் வைத்துச் செய்யுங்கள், புகை நெடியடிக்கும்.