ஊர்ல இருந்து வந்த அம்மாவுக்கு தூக்கமே இல்ல, மரம் செடி இல்லாததுதான் காரணமா?

ஒன்பதாவது மாடி:
அம்மாவுக்கு 68 வயசு, மன்னார்குடி பக்கம் கிராமம். அப்பா போனதுக்கப்புறம் தனியா விட மனசில்லாம ஆறு மாசம் முன்னாடி சென்னைல பெருங்குடிக்கு எங்களோட கூட்டிட்டு வந்துட்டோம். ஊர்ல விடியக்காலை எந்திரிச்சு வாசத் தெளிச்சு கொல்லைல பூப்பறிச்சு மாட்டுக்கு புல்லு போட்டுன்னு ஓடிட்டே இருப்பாங்க, இங்க ஒன்பதாவது மாடி, ஜன்னலத் தொறந்தா எதிர் பிளாக் செவுரு, நாள் முழுக்க ஸ்கிரீன் போட்ட ஹால், டிவி. இப்ப ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்காங்க, மத்தியானம் சேர்ல உக்காந்தபடியே தூங்குறாங்க, சாப்பாடும் பாதியா கொறஞ்சிடுச்சு. பிளட் டெஸ்ட், தைராய்டு எல்லாம் நார்மல். டாக்டர் தூக்க மாத்திரை எழுதித் தரவாங்குறார். பச்சை கண்ணுல படாததுக்கும் இதுக்கும் நெஜமாவே சம்பந்தம் இருக்கா, இல்ல கூட்டிட்டு வந்துட்டோமேங்குற குத்த உணர்ச்சில நானா யோசிக்கிறேனா?

நைட் டியூட்டி:
தம்பி, நான் நர்ஸ், சர்ஜரி வார்டுல பதினாலு வருஷம். எங்க வார்டுல ஜன்னலோரம் ரெண்டு பெட்டு இருக்கு, வெளிய ஒரு வேப்பமரம், அந்த பெட்டுக்குத்தான் எப்பவும் அடிதடி. ஒரு தாத்தா தினமும் எத்தன அணில் வந்துச்சுன்னு எங்கிட்ட கணக்கு சொல்லுவார், வலி எப்படி இருக்குன்னு கேட்டா அதுக்கு பதில் வராது, அணில் கணக்குதான் வரும்.

இது சும்மா என் கதை இல்ல. ரோஜர் உல்ரிச்னு ஒருத்தர் 1984ல சயன்ஸ் பத்திரிகைல எழுதினது ரொம்ப பிரபலம். அமெரிக்கால பென்சில்வேனியால ஒரு ஆஸ்பத்திரில பித்தப்பை ஆபரேஷன் பண்ண 46 பேரோட ரெக்கார்ட எடுத்து ஜோடி ஜோடியா ஒப்பிட்டுப் பாத்தார், பாதிப் பேருக்கு ஜன்னல்ல மரம் தெரியும், மீதிப் பேருக்கு செங்கல் செவுருதான். மரம் தெரிஞ்சவங்க சராசரியா முக்கா நாள் முன்னாடியே வீட்டுக்குப் போயிருக்காங்க, ஸ்ட்ராங்கான வலி மருந்தும் கம்மியாத்தான் எடுத்திருக்காங்க. உங்கம்மா ஜன்னல்லயும் செவுருதானே?

ஆனா நீங்க சொல்றதப் பாத்தா எனக்கு மொதல்ல தோணுறது வெளிச்சம். வீட்டுக்குள்ள டியூப்லைட் வெளிச்சம் ஒரு 300 லக்ஸ் (வெளிச்சத்த அளக்குற அலகு) தேறும், வெளிய மேகமூட்டமா இருந்தாக்கூட பல ஆயிரம். காலைல கண்ணுல அந்த வெளிச்சம் பட்டாத்தான் இது பகல், இது ராத்திரின்னு மூளை சரியா பிரிக்கும். பகல் முழுக்க மங்கல்ல உக்காந்து மத்தியானமும் தூங்குனா ராத்திரி எங்கேந்து தூக்கம் வரும்? மாத்திரைக்கு அவசரப்படாதீங்க, வயசானவங்க ராத்திரி பாத்ரூம் போறப்ப தடுமாறி விழுந்துடுவாங்க, அத டாக்டர்கிட்டயே கேளுங்க. அப்புறம் ஆறு மணி வெயில்ல வைட்டமின் டி கிடைச்சிடும்னு நம்பாதீங்க, அதுக்கு பத்து மணிக்கு மேல உள்ள வெயில் வேணும். அந்த டெஸ்டும் எடுத்தீங்களா?

குறுக்குக் கேள்வி:
எல்லாரும் மரத்துமேல பாரத்தப் போடுறீங்க. ப்ரோ, அவங்க புருஷன எழந்திருக்காங்க, வீட்ட விட்டு வந்திருக்காங்க, பேச ஆளில்ல, செய்ய வேலையில்ல. நாலு மரத்த நட்டு வச்சா இதெல்லாம் சரியாயிடுமா? இங்கிலாந்துல 20,000 பேர்கிட்ட சர்வே எடுத்து 2019ல வந்துச்சே, வாரத்துக்கு 120 நிமிஷம் பார்க்கு, பீச்சுன்னு இருந்தவங்க ஆரோக்கியமா இருக்கோம்னு சொன்னாங்கன்னு, அத எல்லாரும் ஃபார்வர்ட் பண்றாங்க. ஒடம்பு நல்லா இருக்கவன்தானே பார்க்குக்கே போவான், முட்டிவலிக்காரன் வீட்லதானே கெடப்பான்? எது காரணம் எது விளைவுன்னு அதுல தெரியாது. போன வாரம் குடும்ப குரூப்ல வேப்பமரத்தடில படுத்தா சுகர் எறங்கும்னு ஒண்ணு வந்துச்சு, அந்த லெவலுக்கு போயிடாதீங்க.

தொட்டிச் செடி:
குறுக்குக் கேள்வி சொல்றதுல பாதிக்கு நானும் கை தூக்குறேன். எங்க மாமியாருக்கும் இதே கததான், திருவையாத்துலேந்து வந்தவங்க. பால்கனில மூணு குரோ பேக் வச்சு செம்மண், மண்புழு உரம், தேங்காநார்த்தூள் கலந்து கொட்டி கீரையும் ஒரு செம்பருத்தியும் வச்சுக் குடுத்தோம். மொத மாசம் திரும்பிக்கூட பாக்கல, "இந்தப் பையில என்னத்த மொளைக்கும்"னுட்டாங்க. அப்புறம் செம்பருத்தில மாவுப்பூச்சி வந்துச்சு பாருங்க, அன்னைக்கு எழுந்தாங்க! பழைய டூத்பிரஷ்ஷ சோப்புத்தண்ணில முக்கி ஒவ்வொரு கணுவா தேச்சுட்டு இருந்தாங்க, ஒரு மணி நேரம், குனிஞ்சு நிமிந்து, வெளிச்சத்துல. கீழ் வீட்டு அம்மா வேப்பெண்ணெ குடுக்க மேல வந்தவங்க அப்படியே சிநேகிதம் ஆயிட்டாங்க. இதுல செடி பாதியா, வெளிச்சம் பாதியா, கீழ் வீட்டு அம்மா பாதியான்னு எனக்கு பிரிச்சு சொல்லத் தெரியல, மூணு பாதி ஆயிடுச்சேன்னு கேக்காதீங்க. ராத்திரி பத்து மணிக்கெல்லாம் கொறட்டை.

ஒன்னு மட்டும், நீங்களே தண்ணி ஊத்தி நீங்களே பறிச்சு அவங்கள வேடிக்க பாக்க விடாதீங்க. பொறுப்ப அவங்ககிட்ட விடுங்க, செத்தாலும் பரவால்ல.

ஒன்பதாவது மாடி:
எல்லாருக்கும் நன்றி. நைட் டியூட்டி அக்கா, வைட்டமின் டி எடுக்கல, எடுத்துடறேன். அப்பாவப் பத்தி நாங்க வீட்ல பேசுறதையே விட்டுட்டோம், குறுக்குக் கேள்வி அண்ணன் சொன்னப்பதான் உறைச்சுது.

ஞாயித்துக்கிழம காலைல அம்மாவ பள்ளிக்கரணை சதுப்புநிலத்துப் பக்கம் சும்மா வண்டில கூட்டிட்டுப் போனேன். ரோட்டோரமா நிறுத்தினா சத்தம், புகை, காத்து திரும்புனா நாத்தம் வேற, தப்பான எடத்துக்கு வந்துட்டோம்னு நெனச்சேன். அம்மா அதையெல்லாம் கண்டுக்கவே இல்ல, "டேய் நாமக்கோழிடா"ன்னு கைய நீட்டுறாங்க, அப்புறம் வெள்ள நாரை, நம்ம ஏரில அப்பா வலையில மாட்டுன கொக்க எடுத்து விட்ட கத, முக்கா மணி நேரம் ஓடிடுச்சு. அன்னைக்கு ராத்திரியும் பன்னெண்டு ஆச்சு தூங்க, அத மறைக்க மாட்டேன். ஆனா திங்கக்கிழம அவங்களா கேட்டாங்க, அடுத்து எப்ப போறோம்னு.

தொட்டிச் செடி அக்கா, எங்க பால்கனி மேக்கு பாத்தது, மத்தியானத்துக்கு மேல நெருப்பு மாதிரி வெயில் அடிக்கும். கீரை தாங்குமா, வேற என்ன வைக்கலாம்?

தொட்டிச் செடி:
கீரை கருகிடும், பச்ச நெட் கட்டுனா சமாளிக்கலாம். மேக்கு வெயிலுக்கு கத்திரி, கறிவேப்பிலை, நித்தியகல்யாணி வைங்க. மல்லி வச்சா இன்னும் நல்லது, சாயங்காலம் பூப்பறிக்க வேலை இருக்கும்.