ஹெட் கேஸ்கட் மாற்றியும் திரும்பத் திரும்ப ஹீட் ஆன வண்டி: உங்கள் ஒர்க்ஷாப் அனுபவங்களையும் சொல்லுங்கள்

கோவை டீசல்:

என்னுடையது 2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக். ஒர்க்ஷாப் பெயரைச் சொல்லப் போவதில்லை, யாரும் கேட்க வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஊருக்குள் எவ்வளவு ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது. மேட்டுப்பாளையம் வரைக்கும் ஜம்மென்று வரும். கல்லாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்த பிறகுதான் டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறும், பர்லியார் வருவதற்குள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். முதல் தடவை அங்கேயே ஓரம் கட்டி, கட்டி இழுத்துக்கொண்டுதான் கீழே வந்தோம். திறந்து பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட் போயிருச்சு சார்" என்றார்கள். எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் அது. அது பொய் இல்லை, ஆயிலில் தண்ணீர் கலந்திருந்ததை நானே பார்த்தேன். கேஸ்கட், ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவிச் சமமாக்குவது), புது போல்ட், கூலன்ட், ஆயில், லேபர் எல்லாம் சேர்த்து 30 ஆயிரத்தை ஒட்டி பில். சரி, தொலையட்டும் என்று கட்டினேன்.

மறுபடி ஊட்டிக்குப் போனபோது அதே மலை, அதே இடம், அதே முள்.

திரும்பக் கொண்டு போய் விட்டால் "ஏர் லாக் சார், கூலன்ட் ஊத்தும்போது காத்து உள்ள நின்னுருக்கும்" என்றார்கள். காற்றை எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள். நிற்கவில்லை. அடுத்து ரேடியேட்டரைக் கழற்றி வாஷ். அதுவும் நிற்கவில்லை. அதற்கடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை: எஞ்சின் சூடாகும் வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வையே என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கழற்றி எறிந்துவிட்டார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு வால்வே தேவையில்ல சார், வெளிநாட்டுல குளிருக்கு வெச்சது." இந்த வசனத்தை இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது கேட்டிருப்பீர்கள். வால்வு இருப்பது குளிருக்காக மட்டும் இல்லை. எஞ்சின் 80, 90 டிகிரிக்குச் சீக்கிரம் வந்து அங்கேயே நிற்க வேண்டும், அதற்காகத்தான். அதைவிடக் குளிர்ந்தே ஓடினால் டீசல் கூடக் குடிக்கும். இன்னொன்று, பல எஞ்சின்களில் அந்த வால்வு திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைத்துவிடும். வால்வு இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதாவது மலையில் இன்னும் மோசமாகத்தான் ஆகும். ஆச்சு. மைலேஜும் போச்சு.

ஒவ்வொரு தடவையும் புது பில். போன தடவை செய்தது தப்பு என்று யாரும் சொல்லவில்லை, "இது வேற கம்ப்ளைன்ட் சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

கடைசியில் அலுவலக நண்பர் ஒருவர் சிங்காநல்லூர் பக்கம் ஒரு வயசான மெக்கானிக்கிடம் அனுப்பினார். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "வண்டிய சும்மா ஓட விடுங்க தம்பி, ஃபேன் சத்தம் மாறுதான்னு பாப்போம்" என்றார். ஸ்கேனரை மாட்டி டெம்பரேச்சரை மட்டும் பார்த்துக்கொண்டு டீ குடித்தார். ஃபேன் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது, சூடு ஏறிக்கொண்டே போனது, ஆனால் வேகமாகச் சுற்ற வேண்டிய இடத்தில் வேகம் எடுக்கவே இல்லை. வேகமாகச் சுற்ற ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச், அதாவது ஹை ஸ்பீடு ரிலே, உட்காரும் சாக்கெட் கருகியிருந்தது. ஊருக்குள் மெதுவான வேகமே போதும். மலையில் செகண்ட் கியரில் எஞ்சின் முக்கிக்கொண்டு ஏறும்போது, வண்டி வேகம் இல்லாததால் எதிர்க்காற்றும் இல்லை, அங்கேதான் ஃபேன் முழு வேகத்தில் சுற்ற வேண்டும். ஆக முதல் தடவை கேஸ்கட் போனதற்கே காரணம் அந்த ஃபேன்தான். கேஸ்கட்டை மாற்றியவர்கள் அது ஏன் போனது என்று பார்க்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் சந்தோஷம். காலையில் ஆறிப்போன எஞ்சினை ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகியது, கூலன்ட் டேங்கில் நிற்காமல் குமிழி வந்தது. "கம்ப்ரஷன் தண்ணிக்குள்ள போகுது, மறுபடி கேஸ்கட்" என்றார், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தத்தில் இருக்கும் காற்று கூலன்டுக்குள் கசிகிறது. இந்த முறை நான் பக்கத்திலேயே நின்றேன். ஹெட்டை இறக்கிக் காட்டினார். பில்லில் ஃபேசிங் என்று காசு வாங்கியிருக்கிறார்களே, ஹெட்டின் அடியில் புதிதாகச் சீவிய தடம் ஒன்றுகூட இல்லை. பழைய கேஸ்கட்டின் கறை அப்படியே இருந்தது. போல்ட்டும் பழசு. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது, ஊட்டிக்கே போய்விட்டு வந்தாயிற்று. பழைய ஒர்க்ஷாப்பில் பணத்தைக் கேட்கலாமா, கேட்டுப் பிரயோஜனம் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி பெட்ரோல்:

உங்களுக்கு மலை, எனக்கு ஏசி. வருஷா வருஷம் பங்குனி பிறந்ததும் ஏசியில் காற்று மட்டும் வரும், குளிர் வராது. கொண்டு போனால் "கேஸ் தீந்துருச்சு சார்" என்று நிரப்பித் தருவார்கள். ஐப்பசி மழைக்குள் மறுபடி காலி. கேஸ் தீர்ந்துபோகிற சாமான் இல்லை, அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. வருஷத்துக்குள் காலியாகிறது என்றால் எங்கேயோ ஓட்டை. அதைத் தேடாமல் நிரப்பினால் அடுத்த வருஷமும் நாம்தானே வருவோம்! வேறொரு கடையில் நைட்ரஜனை அடைத்து பிரஷர் நிற்கிறதா என்று பார்த்தார்கள், இறங்கியது. வெளியே எங்கே சோப்பு நுரை தடவினாலும் குமிழி இல்லை, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில்தான் கசிவு. டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டியிருந்தது. அந்தப் பயத்தில்தான் முதல் கடைக்காரர் தேடவே இல்லை என்று நினைக்கிறேன். கழற்றி மாட்டிய பிறகு ஒரு பக்கம் கிரீச் கிரீச் என்று சத்தம் வருகிறது, அது தனிக்கதை.

லேத் பட்டறை:

நான் இந்தத் தொழிலில் இருப்பவன், எங்கள் பக்கமும் கேளுங்கள். ஹெட்டை என் லேத்துக்குக் கொண்டு வரும் மெக்கானிக்குகளில் பாதிப் பேர், "கஸ்டமர் இன்னைக்கே வேணும்னு நிக்கிறாரு, லேசா தேச்சு விடுங்க" என்பார்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்ற நேர் பட்டையை வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகளை விட்டுப் பார்க்கும் வேலை கொஞ்ச நேரம்தான். அதற்குக்கூடப் பொறுக்க மாட்டார்கள். அலுமினிய ஹெட்டுக்குப் பல மேனுவலில் 0.05 மி.மீ. வளைவு வரைக்கும்தான் விடுவார்கள், ஜெராக்ஸ் பேப்பர் கனத்தில் பாதி. கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்கிற விஷயமா இது? பல டீசல் ஹெட்டுகளைச் சீவவே கூடாது என்று கம்பெனி சொல்லும், வளைந்திருந்தால் புது ஹெட்தான். கேஸ்கட்டிலும் கனம் வேறுபடும். பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று அளந்துதான் எடுக்க வேண்டும், ஓரத்தில் இருக்கும் ஓட்டையோ வெட்டோ எத்தனை என்பதை வைத்துக் கனம் தெரியும். கடையில் இருந்ததை வாங்கி மாட்டுவதில்லை. போல்ட் விஷயமும் அப்படித்தான். இப்போது வருகிற எஞ்சின்களில் நிறைய, சொன்ன டார்க் அளவுக்கு (முறுக்கு விசை) இறுக்கிவிட்டு அதற்கு மேலே இத்தனை டிகிரி திருப்பு என்று இருக்கும். அந்த போல்ட் நீண்டு பிடிக்கும் ரகம், பெரும்பாலும் ஒரு தடவைக்குத்தான்.

வால்வைக் கழற்றுகிறவர்களை நானும் திட்டுவேன். ஆனால் "புது வால்வு வேண்டாம், குறைச்சு முடிங்க" என்று சொல்லும் கஸ்டமரையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மதுரைக்காரன்:

கோவை நண்பருக்கு: தாராளமாகக் கேட்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலை சேவைதான், வேலை சரியில்லை என்றால் சேவைக் குறைபாடு. செய்யாத ஃபேசிங்குக்குப் பில் போட்டது அதைவிடப் பெரிய விஷயம். முதலில் பில் நகல், போட்டோ, இரண்டாவது மெக்கானிக் என்ன பார்த்தார் என்று அவர் கையெழுத்தோடு ஒரு தாள், இவற்றை வைத்துப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சண்டை போடாதீர்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள், சில கடைகள் அந்த இடத்திலேயே இறங்கி வரும். அதுவும் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்னை வந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும், இதைத் தவறவிட்டால் தாமதத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும். சீக்கிரம் முடியாது, வாய்தா வாய்தாவாக இழுக்கும், அதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள். என் மைத்துனர் நோட்டீஸோடு நிறுத்திக்கொண்டார், லேபர் காசு திரும்பி வந்தது. பார்ட்ஸ் காசைக் கொடுக்கவே மாட்டேன் என்றுவிட்டார்கள்.

பழைய பார்ட்ஸை இரண்டாவது மெக்கானிக்கிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறீர்களா? அந்த போல்ட்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

கோவை டீசல்:

நன்றி. போல்ட்டும் கேஸ்கட்டும் ஒரு சாக்கில் கட்டி வீட்டில் இருக்கிறது, அம்மா தினமும் திட்டுகிறார். நோட்டீஸ் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

தெர்மோஸ்டாட் வால்வு திரும்பப் போட்டாயிற்றா என்று தனியாகக் கேட்டவருக்கு: போட்டாயிற்று, பழைய மாடலுக்கும் கிடைக்கிறது, ரப்பர் ரிங்கையும் சேர்த்து வாங்குங்கள். மாட்டுவதற்கு முன்னால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து வால்வை நூலில் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும், காய்ச்சல் பார்ப்பது உதவாது. வால்வின் மேலேயே எந்த டிகிரியில் திறக்கும் என்று அடித்திருப்பார்கள், அதை ஒட்டித் திறக்க ஆரம்பித்தால் சரி, தண்ணீர் தளதளவென்று கொதித்தும் திறக்கவில்லை என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.