சர்ச் பங்குல இளைஞர்கிட்ட கருத்து கேக்கறது எப்படி?

நான் எங்க பங்குப் பேரவைல (ஃபாதருக்கு ஆலோசனை சொல்ற சர்ச் குழு) இருக்கேன், பசங்க கோயில பத்தி என்ன நினைக்கறாங்கன்னு கேளுங்கன்னு ஃபாதர் சொன்னாரு, போன மாசம் கூப்பிட்டோம் 9 பேர் வந்து சமோசா சாப்ட்டு எல்லாம் நல்லாருக்கு அங்கிள்னு கிளம்பிட்டாங்க. என்ன பண்ணலாம்?

பதில்: முன்வரிசைல பெருசுங்க உக்காந்தா அப்படித்தான். திருவிழாவுக்கு சப்பரம் தூக்க, பந்தி பரிமாற நாங்க வேணும், கணக்கு கேட்டா மட்டும் உனக்கென்ன தெரியும்பாங்க. பேர் போடாம சீட்டுல எழுத சொல்லுங்க.

பதில்: 2018 அக்டோபர்ல ரோம்ல இளையோர் பத்தி ஆயர் மாமன்றம் (பிஷப்புங்க கூடி பேசற கூட்டம்) நடந்துச்சே, அதுக்கு முன்னாடியே மார்ச்ல போப் பிரான்சிஸ் சுமார் 300 இளைஞர்கள கூப்பிட்டு பேசவிட்டாரு, கத்தோலிக்கர் அல்லாதவங்களும் இருந்தாங்க. நீங்க கோயிலுக்கு வராதவங்களையும் கூப்பிடுங்க.

கேட்டவர்: சீட்டு வச்சோம். முதல் சீட்டே 'பிரசங்கம் 35 நிமிஷம் எதுக்கு?' இத ஃபாதர்ட்ட யார் காட்றது 😅