மேடு பள்ளச் சாலைக்கு 11-34 கேசட் சரிவருமா?

நண்பர்களே, பழைய கோட்டைகளையும் கல்பாலங்களையும் பார்த்தபடி நாள் முழுக்க ரோடு பைக் ஓட்டப்போகிறேன். நீண்ட ஏற்றம் ஏதும் இல்லை. ஆனால் குட்டி மேடுகள் வந்துகொண்டே இருக்கும். மதியத்துக்குமேல் அவைதான் தொடையைப் பிழிந்துவிடுகின்றன. இப்போது முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு பற்சக்கரங்கள்; பின்னால் உள்ள கேசட், அதாவது பற்சக்கர அடுக்கு, 11 முதல் 28 பல் வரை (11-28). அதை 11-34 ஆக்கினால், மிக லேசான கியரில் (முன்னால் 34, பின்னால் 34) பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று. முட்டிக்கு எவ்வளவு இதம்! ஆனால் என் பின் டீரெய்லர் (செயினைப் பல் மாற்றும் கருவி) ஷார்ட் கேஜ், அதாவது கை குட்டையான வகை. தாங்குமா? செயினும் நீளமாக வேண்டுமா? மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், கோட்டை வாசல்களில் கல் பாவிய தரையில் 25 மி.மீ. டயர் கையை மரக்கடிக்கிறது. 28 போட்டுக் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் போதுமா? உள்ளே ஏறிப் பார்க்காமல் திரும்ப மனசு வராது; தேய்ந்த படிகளில் வழுக்காத, பெடலில் மாட்டும் கிளீட் ஷூ எது?