பெரியம்மாவும் சூட்டு அறை யோகாவும்
குழு: பாம்பன் வீடு

டொரண்டோ தங்கச்சி: (படம்) கிளாஸ் முடிஞ்சு இப்பதான் வெளிய வர்றேன் 😅

அம்மா: என்னத்தா மழையில நனஞ்சிட்டியா? தலையெல்லாம் சொட்டுது

டொரண்டோ தங்கச்சி: வேர்வைம்மா. ஹாட் யோகா. ரூமை 40 டிகிரிக்குச் சூடாக்கிருவாங்க. 90 நிமிஷம், 26 ஆசனம், 2 மூச்சுப் பயிற்சி

மாமா: யாரு கண்டுபிடிச்ச முறைத்தா இது?

டொரண்டோ தங்கச்சி: கல்கத்தாக்காரர் மாமா, பிக்ரம் சௌத்ரி. 1970கள்ல அமெரிக்கா போய் பரப்புனாரு. இந்த 26 ஆசன வரிசை எனக்கே சொந்தம்னு வழக்குப் போட்டாரு. அப்படி உரிமை கொண்டாட முடியாதுன்னு 2015ல அங்க கோர்ட்டு சொல்லிருச்சு

மாமா: சரியான தீர்ப்பு. யோக சூத்திரம் எழுதுன பதஞ்சலி நம்ம ராமேஸ்வரம் கோயில்லதான் சமாதியானார்னு கும்பிடுறோம். ஆசனம் எல்லாருக்கும் பொது

பெரியம்மா: முட்டி வலிக்கு கேக்குமாத்தா? நம்ம தகரக் கூரை ரூமு மத்தியானம் அனலாத்தான் கெடக்கு. நாளைக்கு கதவைச் சாத்திட்டு பண்ணிப் பாக்குறேன்

நான்: பெரியம்மா வேணாம்!!

நான்: ஆஸ்பத்திரி ட்யூட்டி முடிஞ்சு பஸ்ல வர்றேன், கொஞ்சம் கொஞ்சமா அனுப்புறேன். முழுசாப் படிங்க

நான்: தங்கச்சி போற ரூம்ல சூட்டையும் ஈரத்தையும் அளவு வச்சு நிறுத்துறாங்க. ஈரப்பதம் 40 சதவீதம்தான். பக்கத்துல டீச்சர் இருக்காங்க. நம்ம ஊர்ல கடல் காத்து முழுக்க ஈரம். வேர்வை காஞ்சாத்தான் உடம்பு குளிரும். மப்பு நாள்ல கருவாடு காயாம நசநசன்னு கெடக்குமே, அப்படித்தான் கதவைச் சாத்துன ரூம்ல வேர்வையும். வழியும், காயாது. உள்சூடு ஏறிக்கிட்டே போகும்

நான்: அதோட நீங்க பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் போடுறீங்க. சூட்டுல ரத்தம் தோலுக்கு ஓடும், பிரஷர் எறங்கும். நீர் மாத்திரை ஏற்கெனவே தண்ணியையும் உப்பையும் வெளியேத்துது. குனிஞ்சு நிமிர்ந்தா கண்ணு இருட்டும். தனியா, கதவைச் சாத்திட்டு விழுந்தா யாருக்குத் தெரியும்?

பெரியம்மா: உப்புப் போட்டு மோர் குடிச்சிட்டு பண்ணுனா?

நான்: பிரஷர்காரங்க உப்பைத் தானா கூட்டக் கூடாது பெரியம்மா. டாக்டரைக் கேட்டுத்தான்

அம்மா: அக்கா, அவ சொல்றதைக் கேளு

டொரண்டோ தங்கச்சி: ஆனா அக்கா, எனக்கு இடுப்புப் பிடிப்பு நெசமாவே கொறஞ்சிருக்கு. உடம்புல உள்ள நச்செல்லாம் வேர்வையில போயிருதுன்னு டீச்சர் சொல்றாங்க

நான்: கொறஞ்சது சந்தோஷம்டி. நச்சை எடுக்குறது கல்லீரலும் கிட்னியும். வேர்வை பெரும்பாலும் தண்ணியும் உப்பும்தான். கிளாஸ் முடிஞ்சு எடை கொறையுறதும் தண்ணிதான், சாப்பிட்டுக் குடிச்சா திரும்பி வந்துரும்

நான்: 2018ல டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வு ஒண்ணு வந்துச்சு. 40லேர்ந்து 60 வயசுக்காரங்க, 12 வாரம், அதே 26 ஆசனம். ஒரு கூட்டம் சூட்டு ரூம்ல, இன்னொரு கூட்டம் சாதா ரூம்ல. ரத்தக்குழாய் விரியுற தன்மை ரெண்டு கூட்டத்துக்கும் ஒண்ணுபோலத் தேறியிருந்துச்சு. பலன் ஆசனத்துல இருக்கு பெரியம்மா. அதுக்கு அனல் தேவையில்லை

மாமா: அப்ப இவ நிறுத்திரணுமா?

நான்: வேணாம் மாமா, அவளுக்கு நோவு நொடி இல்லை. ஆனா தலை சுத்துனா, கொமட்டுனா உடனே வெளிய வந்துரு தங்கச்சி. அடுத்த ஆளைப் பாத்து தம் கட்டாதே. வேர்வை நிறையப் போன பெறகு வெறும் தண்ணியா லிட்டர் கணக்குல குடிக்காதே, ரத்தத்துல சோடியம் எறங்கிரும். சூட்டுல உடம்பு வழக்கத்தை விட வளையும், வளையுதுன்னு இழுக்காதே, ஜவ்வு பிடிச்சது உடம்புச் சூடு தணிஞ்ச பெறகுதான் தெரியும். இன்னொரு விசயம் இருக்கு, தனியா போன் பண்றேன்

அம்மா: என்ன விசயம்??

நான்: அம்மா 😊 நாள் தள்ளிப்போனா அந்த ரூமுக்குள்ள போகக் கூடாதுன்னு சொல்லத்தான்

டொரண்டோ தங்கச்சி: அக்காாா 🙈

மாமா: மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும் இருக்கு. பயலுக வெயில்ல உக்காந்து வலை தைக்கிறானுக. யாருக்காச்சும் கிறுகிறுன்னு வந்தா என்னத்தா செய்ய?

நான்: நல்லாக் கேட்டீங்க மாமா. நெழலுக்குத் தூக்கிட்டு வந்து சட்டையைக் கழட்டி, மேலெல்லாம் தண்ணி ஊத்தி விசுறணும். நெனவு தெளிவா இருந்தா மட்டும் குடிக்கக் குடுங்க. பேச்சு கொளறுனாலோ, ஆள் தெரியலைன்னாலோ 108க்கு அடிங்க. வண்டி வர்ற வரைக்கும் தண்ணி ஊத்துறதை நிறுத்தக் கூடாது

பெரியம்மா: சரித்தா. காலையில அஞ்சரைக்கு மொட்டை மாடியில பண்ணலாமா? அப்ப காத்து நல்லா வரும்

நான்: அதான் சரி. முட்டிக்கு எந்த ஆசனம் ஆகும்னு பாத்துட்டு ஆரம்பிங்க. முட்டி போட்டு உக்கார்றது இப்ப வேணாம்

பெரியம்மா: நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றேன். பிரஷரும் பாத்துரு

நான்: எட்டரைக்கு வந்துருங்க, சீட்டு எடுத்து வைக்கிறேன். மாத்திரை அட்டையையும் எடுத்துட்டு வாங்க