மார்ஃபின் பாட்டிலைத் திறக்க மறுக்கும் குடும்பம்: நர்சுகளே, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வீடு வீடாகப் போய்ப் புற்றுநோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் நான். நம் வீடுகள் தெரிந்தவர்களிடம்தான் இதைக் கேட்க முடியும்.

நான் பார்க்கும் ஓர் ஆயாவுக்கு (பாட்டிக்கு) மார்பகப் புற்று இடுப்பெலும்பு வரை பரவிவிட்டது. புரட்டாசியில், வலிக்குக் கொடுத்த டிரமடால் கேப்சூலில் ஜெலட்டின் இருக்கிறது, அது மாமிசத்திலிருந்து வருவது என்று யாரோ சொல்ல, விழுங்க மாட்டேன் என்றுவிட்டார். அது நியாயம்தான், ஜெலட்டின் இல்லாத வடிவத்தில் கிடைக்குமா என்று கேட்கலாம். இப்போதைய சிக்கல் வேறு. வலி கூடியதால் டாக்டர் மார்ஃபின் சிரப் எழுதினார், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. நான் போகும்போதெல்லாம் பாட்டிலில் மருந்து குறையாமல் அப்படியே இருக்கிறது. "அது கடைசி நேரத்து மருந்து சிஸ்டர், இப்பவே கொடுத்தா அம்மா போயிடுவாங்க" என்கிறார் மகன். கெட்டவர் இல்லை. ராத்திரியெல்லாம் அம்மாவின் காலைப் பிடித்துவிடுகிறவர். ஆனால் ஆயா திரும்பிப் படுக்கக்கூட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்.

போதாததற்கு, ஆயாவிடம் நோயை மறைத்து "வாதம்" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர் என் கையைப் பிடித்து, "இது வாதம்தானா அம்மா?" என்று கேட்கிறார். மகன் வாசலில் நின்று என் முகத்தையே பார்க்கிறார். நான் என்ன சொல்வது?

மாரிட்ஸ்பர்க் அக்கா:

தங்கச்சி, ஹாஸ்பிஸில், அதாவது கடைசிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் இடத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மகனிடம் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அவர் எதைக் கண்டு பயப்படுகிறார் என்று கேள். அநேகமாக உறவில் யாருக்கோ மார்ஃபின் கொடுத்த மறுநாள் உயிர் போயிருக்கும். நம்மிடம் பல பேருக்கு அது கடைசி வாரத்தில்தான் கிடைக்கிறது. அதனால் மருந்துதான் கொன்றது என்று மனதில் பதிந்துவிடுகிறது. வலியின் அளவுக்குப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் மூச்சை நிறுத்திவிடாது என்பதை டாக்டரே நேரில் சொல்லும்படி ஏற்பாடு செய்.

அடுத்தது, முதல் இரண்டு மூன்று நாள் ஆயா நிறையத் தூங்குவார். பல ராத்திரி தூங்காத உடம்பு, வலி குறைந்ததும் அசந்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் குடும்பம் பயந்து நிறுத்திவிடும். எழுப்பினால் கண் திறந்து பேசுகிறாரா என்று பார்க்கச் சொல்லிக்கொடு. எழுப்ப முடியாவிட்டால் உடனே போன் செய்யட்டும். மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும், அதனால் மார்ஃபின் தொடங்கும் அன்றே மலம் இளக்கும் மருந்தான சென்னாவும் தொடங்க வேண்டும். மார்ஃபினைப் பாதியில் விட்டவர்களில் எத்தனையோ பேர் வயிறு போகாத வேதனையில்தான் விட்டார்கள்.

நோயைச் சொல்லும் விஷயத்தில் நான் குடும்பத்திடம் சொல்வது இதுதான்: "நானாகச் சொல்ல மாட்டேன். அவர் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன்." ஆயாவிடம், "உங்களுக்கு என்ன தோணுது? எல்லாம் தெரிஞ்சுக்கணுமா, மகன்கிட்ட பேசினா போதுமா?" என்று கேள். சிலர் "அவன்கிட்டயே பேசிக்க" என்பார்கள். அதுவும் அவர்கள் விருப்பம்தான். ஆனால் ஏற்கெனவே வாய்விட்டுக் கேட்டுவிட்டவருக்கு விஷயம் பாதி தெரியும். அவரைத் தனியாக விட்டுவிடாதே.

டோங்காட் மகள்:

எங்கள் அம்மாவுக்கு வந்த சிஸ்டர் ஒரு காலண்டரில், வேளாவேளைக்கு மருந்து கொடுத்ததும் வலி எவ்வளவு என்று ஓர் எண்ணாக என்னையே எழுத வைத்தார். எண் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அண்ணன் ஒத்துக்கொண்டார். அம்மா உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார். அப்புறம் பல மாதம் எங்களோடு இருந்தார்.

ஃபீனிக்ஸ் நர்ஸ்:

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் குடும்பம் சம்மதித்த பிறகு மருந்து தீர்ந்துபோனால் நம் வார்த்தைக்கு மதிப்பு இருக்காது. மார்ஃபின் இங்கே ஆறாம் அட்டவணை மருந்து, அதாவது கடுமையான கட்டுப்பாடு உள்ளது. டாக்டர் எழுதும் ஒரு சீட்டுக்கு 30 நாளுக்கு மேல் தர மாட்டார்கள், அதே சீட்டில் மறுபடி வாங்கவும் முடியாது. வலியில் இருப்பவரை நாம் கண்ணால் பார்க்கிறோம், கையெழுத்துப் போட டாக்டரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. இது எனக்குத் தாங்காத கோபம். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் புற்றுநோயாளிகளின் உரிமை மீறப்பட்டது என்று தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையமே 2017-இல் அறிக்கை கொடுத்தது. கதிர்வீச்சு சிகிச்சைக்குக் காத்திருந்து நோய் முற்றிப்போனவர்கள் கடைசியில் நம்மிடம்தான் வருகிறார்கள். வலிக்காவது மருந்து தடையில்லாமல் கிடைக்க வேண்டாமா?

சாட்ஸ்வொர்த் சிஸ்டர்:

நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. மகன் வேலை முடிந்து வரும் நேரமாகப் பார்த்து நாளை போகிறேன். காலண்டர் யோசனையை மருமகளிடம் கொடுக்கப் போகிறேன், அந்த வீட்டில் யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. சென்னா எழுதப்படவே இல்லை, காலையிலேயே டாக்டருக்குப் போன் செய்கிறேன்.